வெப்ப உமிழ் பற்றவைப்பு: சொல் விளக்கம்

எர்த்திங் வேலையில், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் வேலையில், செம்புக் கம்பியை எர்த் ராடோடு (மண்ணில் அடித்து இறக்கும் உலோகத் தண்டு) நிரந்தரமாக இணைக்கும் எக்ஸோதெர்மிக் வெல்டிங்கைப் பலர் கேட்வெல்டு என்றே சொல்கிறார்கள். அது ஒரு வணிகப் பெயர். 1938-இல் ரயில் தண்டவாளத்தில் சிக்னல் கம்பியை இணைப்பதற்காக இந்தச் செம்பு முறையை உருவாக்கிய சார்லஸ் கேட்வெல்லின் பெயரிலிருந்து வந்தது.

எக்ஸோ என்றால் கிரேக்கத்தில் வெளியே, தெர்மே என்றால் வெப்பம். வெப்பத்தை வெளியே விடும் வேதிவினையை நம் பாடநூல்கள் வெப்ப உமிழ் வினை என்கின்றன, இலங்கையில் புறவெப்பத் தாக்கம். எனக்கு 'உமிழ்' பிடிக்கும், ஏனென்றால் நடப்பதும் அதுதான். கிராஃபைட் அச்சுக்குள் கம்பி முனைகளை வைத்து, மேலே உள்ள குழியில் ஒரு எஃகுத் தகடு போட்டு, அதன்மேல் செம்பு ஆக்சைடும் அலுமினியமும் கலந்த தூளைக் கொட்டித் தீப்பொறி வைத்தால், அலுமினியம் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, செம்பு உருகிய நிலையில் பிரிந்து, தகட்டையும் உருக்கிக்கொண்டு கீழே இறங்கிக் கம்பிகளைச் சூழ்ந்து உறைகிறது. எல்லாம் சில நொடிகளில்! செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதைத் தாண்டிய வெப்பத்தை வெளியிலிருந்து கரண்டோ கேஸோ இல்லாமல் அந்தத் தூளே தருகிறது. இதற்கு மூத்தது ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1895-இல் காப்புரிமை பெற்ற தெர்மிட், அதில் இரும்பு ஆக்சைடு.

சரி, வெல்டிங்குக்கு? பற்றவைப்பு என்பதுதான் பொருத்தம். பற்றுதல் என்றால் தீப்பிடிப்பதும் உண்டு, இறுகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. மற்ற வெல்டிங்குகளில் இரண்டாவது பொருள் போதும். இங்கே முதலில் தூள் பற்றுகிறது, அப்புறம் உலோகம் பற்றுகிறது, ஒரே வினைச்சொல் இரண்டையும் சொல்லிவிடுகிறது. இப்படி அமைந்த கலைச்சொல் அபூர்வம்.

சிலர் இதைப் பற்றாசு என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறு. பற்றாசு என்பது சால்டரிங்குக்கு வைக்கும் ஈயம் போன்ற ஒட்டு உலோகம். கம்பியைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும், அதனால் ஃபால்ட் கரண்ட் (மின்பழுதின்போது திடீரென ஓடும் பெரும் மின்னோட்டம்) பாயும்போது அந்த இணைப்பு கழன்றுவிடக்கூடும். வெப்ப உமிழ் பற்றவைப்பில் கம்பி முனைகளும் சேர்ந்து உருகி ஒரே உலோகமாகிவிடுவதால், நட்டு போல்ட்டு கிளாம்பைப் போலத் தளர்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வரைபடத்தில் பற்றாசு என்று எழுதிவைத்தால், அதைப் படிக்கிறவர் சால்டரிங் இரும்பைத்தான் எடுப்பார்.