ஊறல்நீர்: ஒரு சொல் விளக்கம்

திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையை ஒட்டிய ஒரு விருந்தினர் விடுதியின் பானப் பட்டியலைச் சரிபார்த்துத் தருமாறு அண்மையில் என்னிடம் கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் "இன்ஃபியூஸ்ட் வோட்டர்" என்றிருந்த வரிக்கு நேரே, கணினி மொழிபெயர்ப்பில் எடுத்த "கெக்கரிக்காய், புதினா உட்செலுத்தப்பட்ட நீர்" என்ற தொடர் அச்சாகியிருந்தது. அந்தப் பானம் மேசையிலேயே இருந்தது. கண்ணாடிச் சாடிக்குள் மெல்லிய கெக்கரி வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. புதினா இலைகள் மேலே மிதந்தன. சாடியின் வெளிப்புறம் வியர்த்து, வழிந்த நீர் மேசைத் துணியை நனைத்திருந்தது. எதையும் எதற்குள்ளும் யாரும் செலுத்தியதாகத் தெரியவில்லை. உட்செலுத்துதல் என்றால் தமிழர் மனத்தில் முதலில் வருவது ஊசி மருந்துதான். குடிக்கக் கொடுக்கும் நீருக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பதோடு, சாடிக்குள் உண்மையில் நடப்பதையும் அது தவறாகவே சொல்கிறது.

கணினி ஏன் வழுக்கியது என்பதை அறிய, ஆங்கிலச் சொல்லின் வேருக்குப் போக வேண்டும். "இன்ஃபுந்தெரே" என்ற இலத்தீன் வினையில் "இன்" என்பது உள்ளே என்றும் "ஃபுந்தெரே" என்பது ஊற்றுதல் என்றும் பொருள்படும். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், அங்கே கிளைவிட்டது. தேயிலையையோ மூலிகையையோ நீரில் இட்டு அதன் சாரத்தை இறங்கவிடுவது ஒரு கிளை. நோயாளியின் நாளத்துக்குள் திரவத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவது, அதாவது நாங்கள் "சேலைன் ஏற்றுதல்" என்று சொல்வது, இன்னொரு கிளை. கணினி மருத்துவமனைக் கிளையைப் பிடித்துக்கொண்டுவிட்டது. உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் வார்ப்புத் தொழிலுக்கான ஆங்கிலச் சொல்லும் "ஃபுந்தெரே" என்ற அதே வினையிலிருந்து வந்ததுதான்; தமிழிலும் தண்ணீர் வார்த்தல், தோசை வார்த்தல், வார்ப்பிரும்பு என்று ஒரே வினை சமையலறைக்கும் பட்டறைக்கும் போய்வருவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நான் நெடுநேரம் நின்றது "ஊற்று" என்ற சொல்லில். மாறு என்பதற்கு மாற்று, ஏறு என்பதற்கு ஏற்று என்று பிறவினை அமைவதுபோல, ஊறு என்ற தன்வினைக்கு ஊற்று என்பது பிறவினை. நீர் தானாகச் சுரந்து பரவினால் ஊறுகிறது. நாம் அதைப் பாயச் செய்தால் ஊற்றுகிறோம். இலத்தீன் சொல் ஊற்றுகிறவரின் கையைப் பார்க்கிறது. தமிழில் கைக்கும் சொல் இருக்கிறது. கையை எடுத்த பின்னர் நீருக்குள் மெதுவாக நடப்பதற்கும் அதே குடும்பத்தில் சொல் இருக்கிறது. இரண்டாவதைச் சொல்லும் "ஊறு"தான் நமக்கு வேண்டியது.

எங்கள் ஊர்ப்பேச்சில் இது புதிதல்ல. வீட்டுக்கு வந்தவரிடம் "தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்கிறோம். கொதிநீரைத் தேயிலையின்மேல் ஊற்றி இறங்கவிடும் செயல், இலத்தீன்காரர் சொன்ன அதே வினையாலேயே எங்கள் வாயில் வழங்குகிறது. நகருக்கு வடமேற்கே, கன்னியாவின் ஏழு கிணறுகளை வெந்நீரூற்று என்கிறோம். நிலத்துக்குள்ளிருந்து நீர் ஊறிவருவதால் அது ஊற்று. திருக்குறளின் 396ஆம் குறளில் மணற்கேணி தொட்டனைத்து ஊறுகிறது. 1121ஆம் குறளில் காதலியின் வாயில் சுரப்பது "வாலெயிறு ஊறிய நீர்" எனப்படுகிறது. இந்த இரண்டாவது ஆட்சியினால்தான் "ஊறிய நீர்" என்ற தொடரை நான் பரிந்துரைக்கவில்லை: அதில் ஊறியது நீர். நம் சாடியில் ஊறுவது பழமும் இலையும். அவை ஊறியதால் கிடைப்பது அந்த நீர். ஆகவே ஊறல் என்ற தொழிற்பெயரோடு நீரைச் சேர்த்து "ஊறல்நீர்" என்பதே பொருத்தமானது. சித்த மருத்துவத்தில் இஞ்சியையும் நெல்லிக்காயையும் தேனில் இட்டு வைப்பதைத் தேனூறல் என்பதும் இதே முறையில் அமைந்த பெயர்தான்.

"ஊறுகாய் இருக்கிறதே, ஊறுநீர் என்று வினைத்தொகையாகச் சொன்னால் என்ன?" என்று கேட்கலாம். ஊறு என்ற பெயர்ச்சொல்லுக்குத் தீங்கு என்றும் தொடுவுணர்வு என்றும் பொருள் உண்டு; அது உறு என்ற வேறொரு வினையிலிருந்து பிறந்தது. ஊறுகாயைப் பல தலைமுறைப் பழக்கம் காப்பாற்றுகிறது. புதுச்சொல்லுக்கு அந்தக் காவல் இல்லை.

வழக்கில் காணும் மற்றப் பெயர்கள் ஒவ்வொன்றும் வேறொரு பொருளைக் குறிக்கின்றன. பிழிந்தெடுப்பது சாறு. கொதிக்கவைத்து வற்றச் செய்வது கசாயம்; தடிமனுக்கு வீட்டில் கொத்தமல்லி அவித்துக் குடிப்பது அந்த வகையில் சேரும், இரவில் வெந்தயத்தை நீரிலிட்டுக் காலையில் வடித்துக் குடிப்பது ஊறல் வகையில் சேரும். சித்த மருத்துவ நூல்வழக்கில் குடிநீர் என்பதும் காய்ச்சி இறக்கியதையே குறிக்கும். ஆவியாக்கிக் குளிரவைத்து எடுப்பது தீநீர். ஓமத் தீநீரும் பன்னீரும் அப்படி வந்தவை. சுவையூட்டிய நீர் என்பதைப் போத்தலில் செயற்கைச் சுவை சேர்த்து விற்பதற்கு விட்டுவிடலாம். "நச்சுநீக்கி நீர்" என்று எழுதுவதை மட்டும் நான் வன்மையாக மறுக்கிறேன். உடலின் கழிவை அகற்றுவது ஈரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. நான்கு துண்டு தேசிக்காய் அதைச் செய்யும் என்று பெயரிலேயே வாக்குறுதி கொடுப்பது வாசிப்பவரை ஏமாற்றுவதாகும்.

செய்முறையைப் பார்த்தாலே பெயர் ஏன் ஊறல் என்பது விளங்கும். கொதித்து ஆறிய நீர் ஒரு லீற்றர், நன்கு கழுவி மெல்லிய வட்டங்களாக அரிந்த கெக்கரிக்காய் பாதி, தேசிக்காய் ஒன்று, புதினா இலை பத்து ஆகியன போதும். இலைகளை உள்ளங்கையில் வைத்து மறுகையால் ஒருமுறை தட்டிப் போட வேண்டும். இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்து, மணம் நீரில் இறங்க அந்த ஓர் அடியே போதுமானது, கசக்கினால் நீர் கலங்கிப் பச்சை வாடை அடிக்கும். சாடியை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணித்தியாலம் வைத்தால் கெக்கரியும் புதினாவும் தெரியத் தொடங்கும். தேசிக்காய் இதைவிட விரைவானது. அதன் மணம் மஞ்சளும் பச்சையுமான வெளித்தோலில் இருக்கிறது, கசப்போ அதற்கடியில் உள்ள வெண்தோலிலும் விதையிலும் இருக்கிறது. மணம் முதலில் இறங்கும், கசப்பு பின்னால் வரும். ஆகையால் தேசிக்காய்த் துண்டுகளை இரண்டு மணித்தியாலத்தில் எடுத்துவிடுவது நல்லது. தோடம்பழத்துக்கும் இதே கணக்குத்தான். வத்தகப்பழம் நெடுநேரம் கிடந்தால் குழைந்து நீரை மங்கலாக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊர் வெக்கைக்குச் சாடியை மேசையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விடக் கூடாது. பெட்டிக்குள் வைத்தாலும் ஒரு நாளுக்குள் குடித்து முடிக்க வேண்டும்.

இச்சொல்லுக்கு எதிராக ஒரு நியாயமான தடையும் உண்டு. தமிழ்நாட்டில் ஊறல் என்ற சொல், கள்ளச் சாராயம் காய்ச்சுவதற்காகப் புளிக்கவைக்கும் கலவைக்கும் வழங்குகிறது. இலங்கையில் அதைக் கோடா என்பதால் எங்களுக்கு அந்தக் குழப்பம் எழுவதில்லை. எனினும் கடல்கடந்த வாசகரையும் எண்ணி, ஊறல் என்று தனியே விடாமல் நீரைச் சேர்த்து, முன்னால் பழத்தின் அல்லது இலையின் பெயரையும் எழுதிவிட்டால் ஐயத்துக்கு இடமிராது.

எழுத்துமுறையிலும் ஒரு கேள்வி வரும். பழைய புணர்ச்சிப்படி கடலும் நீரும் சேர்ந்து கடனீர் ஆவதுபோல, இதுவும் ஊறனீர் என்றே ஆக வேண்டும். இன்று கடல்நீர் என்று பிரித்தறியும்படி எழுதுகிறோம். அவ்வாறே ஊறல்நீர் என்று எழுதலாம். விடுதிப் பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு, "கெக்கரி புதினா ஊறல்நீர்" என்று எழுதிக் கொடுத்தேன்.