ஐந்தாவது மந்திரம் ஏன் திருப்பியடிக்கிறது?

வாளும் மந்திரமும் கலந்த பழைய சாகசக் கதைகளில் மந்திரவாதி வாயைத் திறந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அதே கதையை டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டாக்கினால் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது) மந்திரம் சப்பென்று ஆகிவிடுகிறதே, ஏன்? ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தழுவி எழுதுபவர்கள் பெயர்கள், வரைபடம், பாழடைந்த கோயில், பாம்புக் கடவுள் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். கதைக்குள் இருக்கும் நிகழ்தகவை விட்டுவிடுகிறார்கள். 1932 டிசம்பரில் கோனன் என்ற வாள்வீரன் முதன்முதலாக அச்சில் வந்த காலத்திலிருந்தே இந்த வகைக் கதைகளில் ஒரு கணக்கு ஓடுகிறது. வாள் நம்பகமானது, மந்திரம் நம்பத்தகாதது. இரண்டுக்கும் ஒரே பகடையை ஒரே விதத்தில் உருட்டினால் அந்த வேறுபாடு அங்கேயே செத்துவிடும்.

வாளை முதலில் பார்ப்போம். இருபது முகப் பகடை ஒன்றின் சராசரி 10.5. ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டினாலும் சராசரி அதே 10.5தான். ஆனால் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) முதலாவதில் 5.77, இரண்டாவதில் 2.96. மூன்று பகடையின் கூட்டல் நடுவில் குவிகிறது. 216 சேர்க்கைகளில் 146, 8க்கும் 13க்கும் இடையில் விழுகின்றன. எதிரியை வெட்ட 11 வேண்டும், வீரனின் திறமைக்கு 5 கூட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பகடையில் வெற்றி வாய்ப்பு 75 சதவீதம், மூன்று பகடையில் 95 சதவீதம். தேர்ந்த வாள்வீரன் நான்கில் ஒரு வீச்சைத் தவறவிட்டால் அவன் கதாநாயகன் இல்லை, பயிற்சிக்கு வந்தவன். எனவே வாளுக்கு மூன்று பகடை.

கூட்டமாக வரும் அடியாட்களுக்கு ஒரு சின்ன விதி போதும்: ஒருவனை வீழ்த்தி மிஞ்சும் காயம் அடுத்தவன் மேல் பாயும். ஆளுக்கு 3 உயிர்ப்புள்ளி (தாங்கக்கூடிய காயத்தின் அளவு) வீதம் ஆறு பேர், வீரனின் வெட்டு எட்டுமுகப் பகடையோடு 2, வெற்றி வாய்ப்பு 84 சதவீதம் (திறமைக்கு 3 கூட்டல்) என்றால், இந்த விதி இல்லாமல் சண்டை சராசரியாக 7.2 சுற்று இழுக்கும், விதியோடு 3.9 சுற்றில் முடிந்துவிடும். மேசையில் ஒரு சுற்று பல நிமிடம் பிடிக்கும், ஆகவே இது சின்ன லாபம் இல்லை.

இனி மந்திரம். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டு, எழுத்தாளர் ஜாக் வான்ஸின் 1950ஆம் ஆண்டுக் கதைகளிலிருந்து ஒரு முறையை எடுத்துக்கொண்டது: மந்திரத்தை மனப்பாடம் செய், ஒருமுறை சொன்னதும் அது மனதிலிருந்து அழிந்துவிடும். எண்ணிக்கைக் கட்டுப்பாடாக அது அருமையான முறை. ஆனால் அதில் மந்திரம் எண்ணி வைத்த தோட்டாவாகிறது. எத்தனை மிச்சம் என்பது தெரியும், விசையை அழுத்தினால் வெடிக்கும், வைத்திருப்பவனுக்கு அச்சமில்லை.

சரி, ஒவ்வொரு மந்திரத்துக்கும் அது சொன்னவனையே திருப்பியடிக்கும் 5 சதவீத ஆபத்து வைத்தால்? அதுவும் போதாது. 0.95ஐத் தன்னோடு 13 தடவை பெருக்கினாலும் தப்பிக்கும் வாய்ப்பு 51 சதவீதம் மிச்சம் இருக்கிறது. பதினான்காவதில்தான் பாதிக்குக் கீழே இறங்கும். அதற்குள் ஆட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். காரணம் எளிது. பகடைக்கு நினைவு கிடையாது. "இந்தப் பகடை இன்றைக்குச் சூடாக இருக்கிறது" என்று அதை ஊதி உருட்டுவதும், சரியாக விழாததைப் பெட்டிக்குள் போட்டுத் தண்டிப்பதும் மூடநம்பிக்கை என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் இருபது முகப் பகடையை 100 தடவை உருட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முகமும் சராசரியாக 5 தடவை வர வேண்டும். வந்த எண்ணிக்கைக்கும் 5க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, 5ஆல் வகுத்து, இருபது முகத்துக்கும் கூட்டுங்கள். கூட்டல் 30.14ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். நல்ல பகடையும் இருபதில் ஒருமுறை தாண்டும் என்பதால் இரண்டாம் தடவையும் சோதிப்பது நியாயம். பள்ளியில் பைக்குள் சிவப்புப் பந்து, நீலப் பந்து என்று நிகழ்தகவை நடத்துவதற்குப் பதில் இதை ஒரு வகுப்பு செய்யவிட்டால் பாதிப் பிள்ளைகளுக்குக் கணக்கு பிடித்துப்போகும் என்பது என் கட்சி.

பகடைக்கு நினைவில்லை என்றால், நினைவை விதியில் வைக்க வேண்டும். மந்திரவாதிக்குக் 'கறை' என்று ஓர் எண் கொடுங்கள், ஆரம்பம் 1. மந்திரம் சொல்லும்போது இருபது முகப் பகடையை உருட்டு. கறையைவிட அதிகம் விழுந்தால் மந்திரம் பலிக்கும், கறை ஒன்று ஏறும். கறைக்குச் சமமாகவோ கீழாகவோ விழுந்தால் மந்திரம் திருப்பியடிக்கும். விதி இவ்வளவுதான்.

தப்பிக்கும் வாய்ப்பைப் பெருக்கிப் பாருங்கள். முதல் மந்திரம் முடிந்தபோது 95 சதவீதம், இரண்டாவதில் 85.5, மூன்றாவதில் 72.7, நான்காவதில் 58.1, ஐந்தாவதில் 43.6. ஐந்தாவது மந்திரத்தின் தனி ஆபத்து 25 சதவீதம்தான்; ஆனால் அதுவரை சேர்ந்த ஆபத்து பாதியைத் தாண்டிவிட்டது. 23 பேர் கூடிய அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்ற புதிர் பலருக்கும் தெரிந்திருக்கும். இது அதே புதிர்தான், 365க்குப் பதில் வருடத்துக்கு 20 நாள். புதிதாக வருபவர் ஏற்கெனவே பிடிபட்ட நாட்களைத் தவிர்க்க வேண்டும். புதிய மந்திரம் ஏற்கெனவே கறைபட்ட எண்களைத் தவிர்க்க வேண்டும்.

சராசரியாக எத்தனையாவது மந்திரம் திருப்பியடிக்கும்? 1 + 19/20 + (19×18)/(20×20) + … என்று கூட்டிக்கொண்டே போனால் 5.29 வரும். இந்தத் தொடருக்குக் கணினி அறிவியலில் ராமானுஜனின் கியூ சார்பு என்று பெயர். அரக்கர்களும் மந்திரவாதிகளும் உலவும் விளையாட்டு விதியைத் தோண்டினால் அடியில் ராமானுஜன் இருக்கிறார்! அவர் வழியில் கிடைக்கும் தோராயச் சூத்திரம் வடிவமைப்பாளருக்கு நேரடியாகப் பயன்படும்: பகடையின் முகங்களை 1.57ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, மூன்றில் ஒன்றைக் கழியுங்கள். பன்னிரண்டு முகத்துக்கு 4, நூறு முகத்துக்கு 12.2. ஓர் ஆட்டத்தில் மந்திரவாதி எத்தனை தடவை துணிய வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற பகடையை எடுங்கள். வர்க்கமூலம் என்பதால் மந்திரங்களை இரட்டிப்பாக்க முகங்கள் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும்.

எங்கே கெடும்? தூங்கி எழுந்தால் கறை போய்விடும் என்று எழுதினால் ஆட்டக்காரர்கள் இரண்டு மந்திரத்துக்கு ஒருமுறை கூடாரம் அடிப்பார்கள், ஆபத்து தலையே தூக்காது. கறை சாகசம் முடிந்த பிறகே குறைய வேண்டும், அதுவும் ஏதாவது விலை கொடுத்து. திருப்பியடித்தால் சாவு என்று வைத்தால் யாரும் மந்திரம் பக்கமே போகமாட்டார்கள். நிழல் தொலைவது, ஒரு பேய்க்குப் பெயர் தெரிந்துவிடுவது போல அடுத்த காட்சியைத் தொடங்கிவைக்கும் விளைவுகளாக ஆறு எழுதுங்கள்; அடித்த பின் கறை 1க்குத் திரும்பட்டும். கறையைத் தாளில் ஒளித்து வைக்கவும் கூடாது. இன்னொரு பகடையில் அந்த எண்ணை மேலே வைத்து மேசை நடுவில் நிறுத்துங்கள், மற்றவர்களும் கலங்க வேண்டாமா? அது வேறு நிறமாக இருக்கட்டும்; இல்லையென்றால் யாராவது அதை எடுத்து உருட்டிவிடுவார்கள், எண் போய்விடும்.

கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆட்டுவிக்கும் வில்லன் மந்திரவாதியும் இதே பகடையை எல்லோர் முன்னும் உருட்ட வேண்டும். அவனுக்குக் கறையை 6இல் தொடங்குங்கள். மூன்று மந்திரங்களைத் தடையின்றி முடிக்க அவனுக்கு இருக்கும் வாய்ப்பு 0.7 × 0.65 × 0.6, அதாவது 27 சதவீதம். கதவை அடைத்துக்கொண்டு அவனை மூன்று சுற்று மந்திரம் சொல்லவைத்தாலே போதும். நான்கில் மூன்று தடவை, ஏறக்குறைய, அவன் கூப்பிட்டது அவனையே தேடி வந்துவிடும்.