மிராசுதார் வேறு, நிலக்கிழார் வேறு

சமீபத்தில் ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களின் பழைய நில உரிமை பற்றிய கட்டுரை. அதில் மிராசுதார் வரும் இடமெல்லாம் 'நிலக்கிழார்' என்று இருந்தது. ஜமீன்தாருக்கும் அதே சொல்தான். பத்துப் பக்கம் தள்ளி, அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பட்டணத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வருகிறார். அவரும் நிலக்கிழார். இந்தச் சொல் இப்படிக் கண்ட இடத்தில் நிற்பதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். இந்த முறை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மொழிபெயர்த்தவரிடம் பேசினேன். "மிராசு அரபிச் சொல்லாச்சே சார், தமிழில் இருக்கட்டுமே என்றுதான்" என்றார். அந்த எண்ணம் நல்ல எண்ணம். தமிழில் இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் இதற்குத் தமிழ்ச் சொல் ஆயிரம் வருடமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் இன்னொன்றைத் தேடிப் போகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் பிறப்பு. மிராசு என்பது அரபியில் மீராத். பொருள், வழிவழியாக வந்து சேரும் உரிமை. நாம் தினமும் சொல்லும் 'வாரிசு' இதே வேரில் பிறந்த சொல். 'தார்' என்பது பாரசீக ஒட்டு, வைத்திருப்பவர் என்று பொருள். பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்துக் கணக்கு வழக்கோடு இங்கே வந்தது. ஆக, மிராசுதார் என்றால் பரம்பரை உரிமை உடையவர். அந்தச் சொல்லுக்குள் நிலமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிலம் இல்லாத மிராசு நிறைய உண்டு. ஊர்க் கணக்கு எழுதுவது மிராசு. கோயிலில் அர்ச்சனை செய்வது மிராசு. திருமலைக் கோயிலில் அர்ச்சகர்களின் மிராசு உரிமையை 1987ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம் ஒழித்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அந்த அர்ச்சகர்களையும் நிலக்கிழார்கள் என்று எழுதுவோமா?

சரி, தமிழ்ச் சொல் எது? காணி. அந்த உரிமைக்குக் காணியாட்சி, உரிமை உடையவருக்குக் காணியாளர். காண் என்ற வேரோடு சேர்த்துச் சொல்வார்கள். கீழ்வாய் இலக்கத்தில், அதாவது பழைய பின்னக் கணக்கில், எண்பதில் ஒரு பங்கும் காணிதான். 'காணிச் சோம்பல் கோடி வருத்தம்' என்ற பழமொழியில் வருவது அந்தக் காணி. நிலக்கணக்கில் ஒரு காணி ஏறக்குறைய 1.32 ஏக்கர். ஆனால் சோழர் கல்வெட்டுகளில் காணி என்றால் அளவு மட்டும் இல்லை, உரிமையும்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடுவதற்கு ராஜராஜன் கொண்டுவந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கு, ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது ஒரு வேலி நிலத்தில் விளையும் நூறு கலம் நெல் என்று வகுத்திருக்கிறது. ஒருவர் இறந்தால் அவருக்கு அடுத்த முறையினர் அந்தக் காணியைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். தமக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை வைத்துச் செய்விக்க வேண்டும். பரம்பரை, பங்கு, அதோடு ஒட்டிய கடமை. மிராசு என்று பின்னால் பெயர் பெற்றது இதுவேதான்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், மிராசு பற்றி அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய பதில் 1818இல் அச்சானது. மிராசுக்கு ஊரில் வழங்கும் தமிழ்ப் பெயர் காணியாட்சி என்று அவர் அப்போதே எழுதிவிட்டார். இருநூறு வருடம் கழித்து நாம் நிலக்கிழாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

கிழார் நல்ல தமிழ்ச் சொல்தானே என்று கேட்பீர்கள். நல்ல சொல்தான், மறுக்கவில்லை. கிழமை என்றால் உரிமை. 'செல்லான் கிழவன் இருப்பின்' என்று குறளில் வரும் கிழவன் வயதானவன் அல்ல, நிலத்துக்கு உரியவன். ஆனால் பழைய பெயர்களைப் பாருங்கள்: கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார். கிழாருக்கு முன்னால் ஊர் நிற்கிறது, நிலம் நிற்கவில்லை. ஊரில் உரிமை உள்ளவர் என்று பொருள். 'நிலக்கிழார்' பிற்காலத்தில் ஒட்டவைத்த சொல். இன்றைக்கு அதைக் கேட்டால் காதில் என்ன விழுகிறது? வெள்ளை வேட்டி, பெரிய வீடு, நூறு ஏக்கர். செல்வமும் செல்வாக்கும் விழுகின்றன. உரிமை என்ற பொருள் காதில் விழுவதே இல்லை.

தொண்டை மண்டலத்து ஊர்களில் கரையீடு என்று ஒரு வழக்கம் இருந்தது. ஊர் நிலத்தைக் காணியாளர்கள் பங்குகளாக வைத்திருப்பார்கள். நிரந்தரமாகப் பிரித்துக்கொண்டால் அறுதிக்கரை. பிரிக்காமல் பொதுவில் வைத்து, சில வருடங்களுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வயலை மாற்றிக்கொண்டால் பசுங்கரை. ஏரிக்கரையடி வயல் எப்போதும் ஒருவருக்கே போகக்கூடாது, கடைமடை எப்போதும் ஒருவர் தலையிலேயே விழக்கூடாது என்பது கணக்கு. பசுங்கரை ஊரில் ஒரு மிராசுதாரைக் கூப்பிட்டு "உன் நிலம் எது?" என்று கேட்டால் அவரால் நிலையாக ஒரு வயலைக் காட்ட முடியாது. அவருக்கு இருப்பது பங்கு. நாம் இன்று சண்டைக்காரனுக்குச் சொல்வது போலச் சொல்லும் 'பங்காளி'யும் பங்கு உள்ளவன்தான். இவரை நிலக்கிழார் என்று எழுதினால் அந்த ஊரின் ஏற்பாடு முழுவதும் வாசகன் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. பதினாறில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்ட மிராசுதார்களும் இருந்தார்கள்.

மறையக் கூடாத இன்னொன்றும் இருக்கிறது. காணியாட்சி எல்லோருக்கும் கிடைத்த உரிமை அல்ல. வயலில் இறங்கி உழைத்த பறையர்களுக்குப் பெரும்பாலும் அதில் பங்கு கிடையாது. களத்தில் நெல் அளக்கும்போது வழக்கப்படி ஒரு சிறு பகுதி கிடைக்கும். அப்படி ஊர்ப் பணியாளர்கள் பெற்ற பகுதிக்குப் பழைய கணக்குகளில் 'சுதந்திரம்' என்று பெயர். தரிசு நிலம் விண்ணப்பத்துக்கு வந்தால் முதல் உரிமை எங்களுக்கே என்று செங்கல்பட்டு மிராசுதார்கள் நின்றார்கள். அதனால் நிலம் கேட்ட பறையர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. கலெக்டர் திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இதைத்தான் அரசுக்கு எடுத்துச் சொன்னது. அதைத் தொடர்ந்துதான் 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அது. அங்கே தடையாக நின்றது நூறு ஏக்கர் செல்வம் இல்லை, மிராசு என்ற உரிமை. மொழிபெயர்ப்பில் 'நிலக்கிழார்கள் எதிர்த்தார்கள்' என்று படிப்பவருக்கு, பணக்காரர்கள் ஏழைகளை எதிர்த்தார்கள் என்பதோடு முடிந்துவிடும். எந்த உரிமையைக் காட்டி எதிர்த்தார்கள் என்பது தெரியவே தெரியாது.

இந்தக் குறை ஒரு சொல்லோடு நிற்பதில்லை. நிலத்தைப் பற்றி எழுதும்போது நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே அச்சில் எல்லாவற்றையும் வார்க்கிறார்கள். ஜமீன்தார் என்பவர் 1802 ஏற்பாட்டில் அரசுக்குப் பேஷ்குஷ் என்ற நிலையான கப்பம் கட்டியவர். 1948 சட்டத்தோடு அவர் கதை முடிந்தது. பண்ணையார் என்றால் பண்ணையாட்களை வைத்துப் பயிர் செய்தவர். தஞ்சையில் குத்தகைதாரர்களோடு அந்தப் பண்ணையாட்களையும் பாதுகாக்க 1952இல் சட்டம் வந்தது. குத்தகைக்கு விட்டவர், விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டவர் என்று ஊர்க்காரர்கள் துல்லியமாகப் பிரித்துச் சொல்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் இருக்கும் தெளிவு அச்சுக்கு வரும்போது ஏன் போய்விடுகிறது? தூய தமிழ் வேண்டும் என்றால் ஊரில் போய்க் கேட்க வேண்டும், பத்திரங்களைப் புரட்ட வேண்டும். இரண்டு சொல்லை ஒட்டி மூன்றாவதாக ஒன்றைச் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

ஈழத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே நிலத்துக்கு அன்றாடச் சொல்லே காணிதான். காணி உறுதி, வயற்காணி, காணிப் பிணக்கு. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் காலத்தில் 1707இல் தொகுத்த, தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டத்தில், பெற்றோர் வழியில் வரும் சொத்துக்கு முதுசம் என்றும், தானே சம்பாதித்ததற்குத் தேடியதேட்டம் என்றும் பெயர். என்ன அழகான பிரிவு! முதுசம் சொத்தைக் குறிக்கிறது, காணியாட்சி உரிமையைக் குறிக்கிறது. அதனால் மிராசுக்கு நேர்ச் சொல்லாக முதுசத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பரம்பரை நிலம் என்று எழுத வேண்டிய இடத்தில் 'முதுசக் காணி' என்று எழுதினால் என் மனம் குளிரும்.

அந்த மொழிபெயர்ப்பில் நான் செய்த திருத்தம் இவ்வளவுதான்: முதல் இடத்தில் 'மிராசுதார் எனப்பட்ட காணியாளர்', அப்புறம் எல்லா இடத்திலும் காணியாளர். ஜமீன்தாரை ஜமீன்தாராகவே விட்டேன். பட்டணத்துக்காரர், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்.

திருத்தி அனுப்பிய அன்று ராத்திரி எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து கொள்ளுத் தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்தேன். மடிப்பில் கிழிந்து, பெரியப்பா பசைத்தாள் ஒட்டிவைத்தது. நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று நிலத்தோடு சேரும் உரிமைகளின் வழக்கமான வரிசை ஓடுகிறது. அதற்கு மேலே, எழுத்தர் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்: 'காணியாட்சி மிராசு பங்கு அரைக்கால்.'