ஃபினிஷை அமத்த முதல் ஒருக்கா நில்லுங்கள்

போன கிழமையும் ஒரு பென்ட்ரைவ் வந்தது. நிலாவெளிப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பட்டியல். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி எல்லாம் ஒரே நிரலில், இடையில் காற்புள்ளி. யாரோ எக்செலில், ஒரு நிரலைப் பல நிரலாக்கும் டெக்ஸ்ட் டு கொலம்ஸ் போட்டுப் பிரித்து, அதே கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டார்கள். கொண்டுவந்த தங்கச்சி கேட்டா: "சேர், நம்பருக்கு முன்னால இருந்த பூச்சியத்தைக் காணேல்ல. ஃபோமட்டை மாத்தினா வந்திடும்தானே?"

வராது. எத்தனை வகுப்பில் சொல்லியாயிற்று!

பூச்சியம் எங்கேயோ ஒளிந்து நிற்கிறது என்று நினைக்கிறார்கள். 026 என்று தொடங்கும் நம்முடைய திருகோணமலை இலக்கத்தை எக்செல் எண்ணாக எடுத்தால், மிஞ்சுவது 26இல் தொடங்குவது மட்டும்தான். பிறகு செல்லை டெக்ஸ்ட் ஆக்கினால் அந்த 26 எழுத்தாகும், அவ்வளவே. இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்றும் தெரியும். 12 இலக்கப் புதிய அடையாள அட்டை எண் பிரித்தவுடன் 1.98E+11 என்று பயமுறுத்தும். ஃபோமட்டை நம்பர் என்று மாற்றினால் முழுதாகத் தெரியும். அது உள்ளே அழியாமல் இருந்ததால் வந்தது. பூச்சியம் உள்ளேயே இல்லை. (V போட்ட பழைய அட்டைக்காரர் தப்பினார்கள், எழுத்து இருப்பதால் எக்செல் கைவைக்காது.)

தொலைபேசிக்காவது 10 இலக்கம் என்று கணக்குண்டு, பூச்சியத்தைத் திரும்பச் சேர்க்கலாம். வீட்டிலக்கம்தான் வயிற்றைக் கலக்குவது. 12/3 என்ற வீடு, நாள் முந்தி வரும் கணினியில் மார்ச் 12 ஆகும். அமெரிக்க முறையில் வைத்த கணினியில் டிசம்பர் 3. பிரித்த ஆண்டையும் எக்செல் தானே சேர்த்துக்கொள்ளும். 2025இல் பிரித்ததை, நாள் முந்தி வரும் கணினியில் டெக்ஸ்ட் ஆக்கிப் பார்த்தால் 45728 என்று ஐந்து இலக்கம் நிற்கும். அது 2025 மார்ச் 12க்கு எக்செல் வைத்திருக்கும் நாள் எண். எந்தத் தபால்காரர் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பார்?

சரி, செய்ய வேண்டியது. முதலில் கோப்புக்கு ஒரு பிரதி. வலப்பக்கம் வெறும் நிரல்கள் போதியளவு விடுங்கள். ஏற்கெனவே தரவு இருக்கிறது, மாற்றவா என்று எக்செல் கேட்டால், தயவுசெய்து வாசியுங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஓகே அமத்தாதீர்கள். டெக்ஸ்ட் டு கொலம்ஸின் மூன்றாவது திரையில் முதல் நிரலைத் தட்டி, ஷிஃப்டைப் பிடித்தபடி கடைசி நிரலையும் தட்டி, டெக்ஸ்டைத் தெரிவு செய்யுங்கள். பிறகுதான் ஃபினிஷ். எல்லாரும் வாசிக்காமல் தாண்டும் திரை அதுதான்.

முகவரிக்குள்ளும் காற்புள்ளி இருக்கும். ஒழுங்கைப் பெயர் எழுதியவருக்கு ஒன்று கூட, எழுதாதவருக்கு ஒன்று குறைய. பிரித்தால் ஒருவரின் தொலைபேசி இன்னொருவரின் ஊர் நிரலில் போய்க் குந்தும். தொலைபேசி கடைசியில் இருந்தால் ரைட் ஃபங்ஷனால் வலப்பக்கத்து 10 எழுத்தை முதலே எடுத்துவிடுங்கள். புதிய எக்செல் வைத்திருப்பவர்களுக்குப் பிரிப்பதற்கென்றே டெக்ஸ்ட்ஸ்பிளிட் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, அது எழுத்தாகவே தரும், பூச்சியமும் பிழைக்கும்.

அந்தத் தங்கச்சியிடம் கேட்டேன், கையெழுத்துப் படிவங்கள் இருக்கிறதா என்று. சங்கத்து அலுமாரியில் கிடக்குதாம். 12/3கள் எல்லாவற்றையும் அதைப் பார்த்துத்தான் திரும்ப அடிக்கிறா.