இலவசமாகக் கிடைப்பது வண்டி நிறுத்த இடம் மட்டுமே

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் என்னிடம், கோடை தொடங்கியதும் ஒரே வகையான சேதங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சென்ற வாரம் உருகிப்போன பிளக்கோடு வந்த ஒரு குடும்பம், ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் அமைப்பில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உறுப்பினரான பிறகும் முந்தைய இரவு தங்கிய பண்ணையில் கரண்ட் கொடுக்கவில்லை என்றும், அதனால் அடுத்து தங்கிய வீட்டில் ஏசியை விடாமல் ஓட்டியதாகவும் குறைபட்டுக்கொண்டது. இந்தக் குறையை இதற்குமேலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

2009-இல் தொடங்கப்பட்ட ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் அமைப்பில் திராட்சைத் தோட்டங்கள், பண்ணைகள், மது வடிப்பாலைகள், அருங்காட்சியகங்கள் போன்றவை தம் நிலத்தில் ஓர் இரவு வண்டி நிறுத்த அனுமதிக்கின்றன. 2012-இல் தொடங்கிய பூண்டாக்கர்ஸ் வெல்கம், தனி வீட்டுக்காரர்கள் தம் வீட்டு வளாகத்தில் இடம் தரும் வலைப்பின்னல். 2021-இல் அது ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸின் கைக்கு வந்தது. நீங்கள் செலுத்தும் உறுப்பினர் கட்டணம் அந்த அமைப்புக்குப் போகிறதே தவிர, நிலத்துக்காரருக்கு வாடகையாகப் போவதில்லை. அதனால்தான் பண்ணையிலோ தோட்டத்திலோ தங்குபவர்கள் அங்கே ஏதேனும் வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அந்த இடம் முகாம் மைதானம் அன்று. அங்கே மின் இணைப்பும், தண்ணீர்க் குழாயும், கழிவை இறக்கும் வசதியும் இருக்கும் என்று எவரும் உங்களுக்கு உறுதி தரவில்லை. வண்டிக்குள்ளேயே கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சமைக்கும் வசதி ஆகியவை இருக்க வேண்டும் என்ற விதி உறுப்பினராகும்போதே தெளிவாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் அதைப் படித்துவிட்டு, ‘எங்கள் வண்டியில்தான் எல்லாம் இருக்கிறதே’ என்று பலர் புறப்பட்டுவிடுகிறார்கள். இருந்தால் மட்டும் போதாது. நல்ல தண்ணீர்த் தொட்டி நிரம்பியும், கழிவுத் தொட்டிகள் காலியாகவும், பேட்டரி முழுமையாக ஏறியும் இருக்கும் நிலையில் அந்த வாசலுக்குள் நுழைய வேண்டும்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சூடேற்றும் கருவி புரொபேன் வாயுவில்தானே எரிகிறது, கரண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் ஏராளம். எரிவது புரொபேன்; வெப்பத்தை உள்ளே தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. குளிர் இரவில் அந்த விசிறி அடிக்கடி ஓடினால், பழைய ஈய-அமில பேட்டரி விடிவதற்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்; அப்படி அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுளே குறைந்துவிடும். எந்தக் கருவியும் ஓடாமல் ஓய்வில் இருக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 12.1 வோல்ட் அளவுக்கு வந்துவிட்டால் பாதி தீர்ந்தது என்று கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் சிறு தொகை பெற்றுக்கொண்டு மின்சாரம் தருவதும் உண்டு. அது பெரும்பாலும் சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட். 120 வோல்ட்டில் தொடர்ந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது ஏறத்தாழ 1,440 வாட். கூரை ஏசி ஒன்றே அதை விழுங்கிவிடும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியை இழுத்து ஏசியும் மைக்ரோவேவும் ஓட்டினால் பிளக் உருகாமல் என்ன செய்யும்? இதைவிட ஆபத்தானது, விருந்தினருக்காக வீட்டுக்காரரே நல்லெண்ணத்தோடு பொருத்தி வைக்கும் 30 ஆம்பியர் சாக்கெட். ஆர்.வி.க்கான 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்; துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான 30 ஆம்பியர் இணைப்போ 240 வோல்ட். ஆர்.வி. வேலை பழகாத எலக்ட்ரீஷியன் இரண்டையும் ஒன்றென எண்ணி 240 வோல்ட்டை இணைத்துவிட்டால், செருகிய நொடியிலேயே வண்டியின் மின்கருவிகள் கருகிவிடும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரால் அளந்து பார்க்காமல் யார் வீட்டுச் சாக்கெட்டிலும் செருகாதீர்கள்.

ஜெனரேட்டரை நிலத்துக்காரர் அனுமதித்தால் மட்டும் ஓட்டுங்கள், தூங்கும்போது ஓட்டவே ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. காற்று திசை மாறினால் உங்கள் சன்னல் வழியாகவோ பக்கத்து வண்டியின் சன்னல் வழியாகவோ உள்ளே புகுந்துவிடும். வண்டிக்குள் இருக்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பின்புறம் காலாவதி ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். இன்றே கழற்றிப் பாருங்கள். அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தைகள் உள்ளே தூங்குகிறார்கள்.

பாத்திரம் கழுவிய நீர் வெறும் சோப்புத் தண்ணீர்தானே என்று தோட்டத்தில் திறந்துவிடாதீர்கள்; பல இடங்களில் அது சட்டப்படி குற்றம், எல்லா இடங்களிலும் நன்றி கெட்ட செயல். மழை பெய்திருந்தால் புல்தரையில் ஏற்றுவதற்கு முன் நடந்து பாருங்கள். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய வண்டி புதைந்தால் இழுத்தெடுக்கும் செலவு பல இரவுகளின் முகாம் கட்டணத்தை மிஞ்சிவிடும். இருட்டுவதற்கு முன் போய்ச் சேருங்கள். தங்க அனுமதி கேட்கும்போது, இழுத்துச் செல்லும் காரையும் சேர்த்து வண்டியின் முழு நீளத்தைக் குறிப்பிடுங்கள். வர இயலவில்லை என்றால் உடனே சொல்லிவிடுங்கள். இருக்கும் ஒரே இடத்தை உங்களுக்கென வைத்துக்கொண்டு, வேறொரு குடும்பத்துக்கு நிலத்துக்காரர் இல்லையென்று சொல்லியிருக்கக்கூடும்.