இணையவழி ஆலோசனை: முதலில் கதவைச் சாத்துங்கள்

இணையவழி மனநல ஆலோசனைக்கு முதன்முறை வருபவரிடம் "என்ன பிரச்சினை?" என்று நான் தொடங்குவதில்லை. "இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்றுதான் கேட்பேன். அடுத்து முகவரி, அதற்கடுத்து, அவசரமென்றால் நான் அழைக்கக்கூடிய ஒருவரின் எண். போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். என் அறையில் ஒருவர் உடைந்து அழுதால் நாற்காலியை நகர்த்தி அருகில் உட்கார முடியும். திருநெல்வேலியில் இருப்பவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைத் திரையில் சொன்னால், எந்தத் தெரு என்றே தெரியாமல் யாரை அங்கே அனுப்புவது?

பேசியது வெளியே போகுமா என்று எல்லோருமே கேட்கிறார்கள். போகாது. சிகிச்சை பற்றிய விவரங்களின் இரகசியத்தை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பதுபோன்ற சில நிலைகளில் மட்டும், தேவையான அளவுக்கு, பிறரிடம் சொல்ல நேரும். அதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

ஆனால் பேச்சு கசிவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். நம் வீடுகளில் பகலில் ஓர் அறையைத் தாழிட்டாலே "உள்ளே என்ன?" என்று குரல் வந்துவிடும். மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து, காபி டம்ளரோடு ஒரு கை நீளும். மாமியாரைப் பற்றிப் பேச வந்தவருக்குப் பின்னால் மாமியாரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். அதனால் ஹெட்போன் கட்டாயம். யாராவது உள்ளே வந்தால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்கிறோம். "அந்த பைலை நாளை அனுப்பிவிடுகிறேன், மேடம்" என்று அவர் சொன்னால், நானும் அலுவலகக் குரலில் "அவசரமில்லை" என்பேன். நிறுத்திவைத்த கார், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எல்லாம் நல்ல இடங்கள்தான். வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிறேன் என்பவர்களிடம் மட்டும் அழைப்பைத் துண்டித்துவிடுவேன்.

திரையில் எனக்குத் தெரிவது முகமும் தோளும்தான். சிரித்துக்கொண்டே "இப்போது பரவாயில்லை" என்பவர் கீழே நகத்தால் விரலைக் கீறிக்கொண்டிருக்கலாம். அதனால் நடுநடுவே "கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன?" என்று கேட்பேன், விசித்திரமாக நினைக்க வேண்டாம். திரையின் மூலையில் உங்கள் முகம் தெரிகிற சிறு கட்டத்தை மறைத்துவிடுவதும் நல்லது. அழும்போது தன் முகத்தைப் பார்த்தவுடன் பலர் அழுகையை நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் அமர்வு முக்கால் மணி நேரம் போலிருக்கும். அதில் பாதி, தூக்கம், பசி, வேலை, பழைய சிகிச்சை என்று கேள்விகளிலேயே போய்விடும். ஜோசியரிடம் பரிகாரம் கேட்பதுபோல் "என்ன செய்வது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்" என்பவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆலோசகர் மாத்திரை எழுதித் தர முடியாது. அது மனநல மருத்துவரின் வேலை. தொலைவழி மருத்துவத்துக்கான 2020ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளின்படி, அவரும்கூட எல்லா மருந்துகளையும் இணையவழியில் எழுதிவிட முடியாது.

ஆலோசகர் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வது இங்கே மிகவும் எளிது. ஆகவே படிப்பு, பயிற்சி, அனுபவம் எல்லாவற்றையும் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டதற்குக் கோபப்படுகிறார் என்றால் வேறு ஆளைப் பார்ப்பது உத்தமம்.

எல்லோருக்கும் இணையவழி பொருந்தாது. யாரும் பேசாதபோது குரல் கேட்கிறவர்களையும், பல நாளாகச் சாப்பாடு தூக்கம் இல்லாதவர்களையும் நேரில் மருத்துவரிடம்தான் அனுப்புகிறேன். அடிக்கும் கணவர் அடுத்த அறையில் இருக்கும்போது அந்தப் பெண்ணிடம் வீடியோவில் மனம் திறக்கச் சொல்வதும் ஆபத்து. நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

நான்கைந்து அமர்வுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் அதை என்னிடமே சொல்லலாம். முறையை மாற்றிப் பார்ப்போம். இல்லையென்றால் வேறொருவரைப் பரிந்துரைப்பேன். அழைப்பை எடுக்காமல் காணாமல் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் ஒரு வரி குறுஞ்செய்தி அனுப்பினாலும் போதும், அந்த நேரத்தைக் காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவேன்.