எல்லா டெஸ்ட்டும் பாஸ், சரி. உங்கள் டெஸ்ட் எங்கே?

"எல்லா டெஸ்ட்டும் பாஸ்" என்ற குறிப்போடு இந்த வாரமும் ஒரு பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தம்) வந்தது. நாங்கள் பராமரிக்கும் இன்டர்பிரெட்டரில் (ஒரு நிரல்மொழியில் எழுதியதைப் படித்து ஓட்டும் மென்பொருளில்) மைனஸ் எண்ணை வகுத்தால் கிடைக்கும் மீதி தப்பாக வருகிறது என்று ஒரு புகார், அதற்கான திருத்தம். இரண்டே வரி. புது டெஸ்ட், அதாவது சரியான விடை வருகிறதா என்று சோதிக்கும் குட்டி நிரல், ஒன்றுகூட இல்லை. அனுப்பியவரைக் கேட்டால், "அதான் எல்லாம் பாஸ் ஆகிறதே" என்கிறார்.

ஐயா, நேற்றும் எல்லாம் பாஸ்தான். பக், அதாவது பிழை, உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே பாஸ். இருக்கிற டெஸ்ட்டுகளின் கண்ணில் படாததால்தானே அது இத்தனை நாள் தப்பித்தது? அவை இன்றும் பாஸ் ஆவது, நீங்கள் வேறு எதையும் உடைக்கவில்லை என்பதற்கு ஓரளவு சாட்சி. உங்கள் திருத்தம் வேலை செய்கிறது என்பதற்கு இம்மியும் சாட்சி இல்லை. டெஸ்ட்டை எழுதி, முதலில் திருத்தம் இல்லாத பழைய பில்டில் (மூல நிரலிலிருந்து உருவாக்கிய இன்டர்பிரெட்டரில்) ஓட்டுங்கள். அது தோற்பதைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் திருத்தத்தைப் போட்டு ஓட்டுங்கள். ஒருமுறைகூடத் தோற்றுப் பார்க்காத டெஸ்ட்டை நான் நம்புவதில்லை.

வற்புறுத்திய பிறகு டெஸ்ட் வந்தது. அது இன்னும் மோசம். −7 % 3 (−7ஐ 3ஆல் வகுத்த மீதி) என்பதை நேரடியாக அச்சிடச் சொல்லி, திரையில் வந்த −1 என்ற விடையை அப்படியே எதிர்பார்க்கும் விடையாக ஒட்டியிருந்தார். பரீட்சை எழுதிய பையனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்த கதை. இதே கணக்குக்குப் பைத்தானில் விடை 2. பிஎச்பியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் −1. அந்தந்த மொழிக்கு அதுதான் சரி. எங்கள் மொழி இதில் பைத்தான் வழி, ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. எதிர்பார்க்கும் விடையை அங்கிருந்து எடுக்க வேண்டும், இன்டர்பிரெட்டரின் வாயிலிருந்து அல்ல.

திருத்திய பிறகும் ஏன் −1? இரண்டும் மாறிலிகள் (நிரலில் நேரடியாக எழுதிய எண்கள்) என்பதால், நிரல் ஓடுவதற்கு முன் கம்பைல் ஆகும்போதே கணக்கு முடிந்துவிட்டது. அவர் திருத்திய இடம் ஓடவே இல்லை. மாறிலிகளை முன்கூட்டியே கணக்கிடும் பகுதியோ சி மொழியின் % குறியை அப்படியே நம்பியிருந்தது. அது வகுத்த விடையைப் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டும், அதனால் மீதி −1. ஆக, அந்த டெஸ்ட் இன்னொரு பக்கைச் "சரி" என்று முத்திரை குத்திவிட்டது. எண்களை மாறிகளில் போட்டு ஒருமுறை, நேரடியாக எழுதி ஒருமுறை, இரண்டையும் சோதியுங்கள்.

எந்த இன்டர்பிரெட்டரை ஓட்டுகிறீர்கள் என்றும் பாருங்கள். இப்போது பில்ட் செய்ததை விட்டுவிட்டு, கணினியில் ஏற்கெனவே நிறுவியிருப்பதை ஓட்டிவிட்டு "பாஸ்" என்பவர்கள் நிறையப் பேர். முடிவில் "ஸ்கிப்" என்று வரும் எண்ணிக்கையையும் படியுங்கள். பிஎச்பியில் தேவையான எக்ஸ்டென்ஷன் (கூடுதலாகச் சேர்க்கும் பகுதி) இல்லையென்றால் அதற்கான டெஸ்ட் தாண்டிப் போய்விடும்; பைத்தானில் நெட்வொர்க் கேட்கும் டெஸ்ட்டுகள் நீங்களாக அனுமதித்தால்தான் ஓடும். தாண்டிப் போனது பாஸ் ஆனதில் சேர்த்தி இல்லை.

பிஎச்பி டெஸ்ட் கோப்பில் எதிர்பார்க்கும் விடைக்குள் %s போடும் வசதி உண்டு. வரியில் எது வந்தாலும் அது விழுங்கிவிடும். தற்காலிகக் கோப்பின் பெயர் மாதிரி ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் இடத்தில் மட்டும் போடுங்கள். பிழைச்செய்தி முழுவதற்கும் %s போட்டுவிட்டு அதை டெஸ்ட் என்று அனுப்பாதீர்கள்.

விடை சரியாக வந்தும் நினைவகம் கெட்டுப்போயிருக்கலாம். பட்டியலை வரிசைப்படுத்தும் நடுவில், ஒப்பிடும் ஃபங்ஷனே அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் என்ன ஆகும்? பைத்தான் இதைக் கண்டுகொண்டு பிழை எழுப்புகிறது. உங்கள் திருத்தம் பயனர் எழுதிய நிரலை நடுவில் கூப்பிடுகிறது என்றால் இப்படி ஒரு விஷமமான டெஸ்ட்டும் வேண்டும். அதை அட்ரஸ் சானிடைசர் (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவி) போட்ட பில்டில் ஒருதரம் ஓட்டிவிடுங்கள். சிபைத்தானில் (சி மொழியில் எழுதிய பைத்தான் இன்டர்பிரெட்டரில்) கைவைப்பவர்கள், பிழை தேட உதவும் டீபக் பில்டில் ரெஃபரன்ஸ் கசிவையும் (தேவை முடிந்தும் விடுபடாத பொருள்களையும்) பார்த்துவிட்டு அனுப்பலாம், அதற்கென்றே டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவியில் வசதி இருக்கிறது.

ஒரு பக்குக்கு ஒரு சின்னக் கோப்பு போதும். பெயரில் பக் எண் இருந்தால் நல்லது. டெஸ்ட் எழுதத் தெரியவில்லையா? பேட்சிலேயே சொல்லிவிடுங்கள். பக்கை வரவழைக்கும் நாலு வரி நிரலையும், வர வேண்டிய விடையையும் கொடுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.